பைக்கில் வீடு தேடி வரும் அண்ணன்கள்! காலேஜ் சீட்டுக்கு பின்னால் நடப்பது என்ன?

ஆரோவில்,

மே மாதம் பிளஸ்-2 ரிசல்ட் வந்தால் போதும். கோட்டக்குப்பத்தில் இருந்து மரக்காணம் வரை கிழக்கு கடற்கரை சாலை ஓரம் காலேஜ் விளம்பர தட்டிகள் முளைத்துவிடும். "நூறு சதவீத வேலை வாய்ப்பு", "ஹாஸ்டல் வசதி உண்டு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். சிரித்த முகத்தோடு நாலு மாணவிகள் படமும் இருக்கும்.

அதே மாதம் அந்த ரோட்டை ஒட்டி இருக்கும் மரக்காணம் உப்பளத்தில் என்ன நடக்கும்? வெயில் உச்சத்தில் காயும். உப்பு நன்றாக விளையும். விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கினால்தான் அன்றைய கூலி. பிள்ளை எத்தனை மார்க் என்று தெரிந்துகொள்ளவே அப்பா, அம்மாவுக்கு மதியம் ஆகிவிடும்.

தட்டிக்கும் பாத்திக்கும் நடுவில் ஒரு ஆள் தேவைப்படுகிறார். எந்த காலேஜ், எந்த கோர்ஸ், எந்த சர்டிபிகேட், எந்த தேதி என்று கூட இருந்து சொல்கிற ஆள். படித்த சொந்தக்காரர் இருக்கும் வீட்டில் மாமாவோ சித்தப்பாவோ அந்த வேலையை செய்துவிடுவார். வீட்டிலேயே முதல் ஆளாக காலேஜ் போகும் பிள்ளைக்கு அப்படி ஒரு மாமா கிடையாது. அந்த இடத்தில்தான் வாலண்டியர்கள் என்று சொல்லப்படும் தன்னார்வலர்கள் வந்து நிற்கிறார்கள்.

இந்த வேலையை தமிழ்நாட்டில் பெரிய அளவில் செய்வது நடிகர் சூர்யாவின் அகரம் அறக்கட்டளை. சூர்யா முகம் எல்லோருக்கும் தெரியும். சம்பளம் வாங்காமல் சனி, ஞாயிறு லீவை விட்டுக்கொடுத்து, சந்து சந்தாக வீடு தேடிப்போகும் ஆட்களின் முகம் யாருக்கும் தெரியாது. அவர்கள் செய்யும் வேலை என்ன, அது ஏன் தேவைப்படுகிறது என்று பார்க்கலாம்.

2010-ல் போட்ட விதை

சிவகுமார் தன்னுடைய 100-வது படமான ரோசாப்பூ ரவிக்கைக்காரி வந்த 1979-ம் ஆண்டு வாக்கில், நல்ல மார்க் எடுக்கும் பிளஸ்-2 மாணவர்களுக்கு பரிசு கொடுக்க ஒரு கல்வி அறக்கட்டளையை தொடங்கினார். மகன் சூர்யா 2006-ல் அகரத்தை தொடங்கினார். "விதை" என்ற காலேஜ் படிப்பு திட்டம் 2010-ல் வந்தது. முதல் வருஷம் நூற்று சொச்சம் பேர்தான். 2025 ஆகஸ்டில் அந்த திட்டத்தின் 15-ம் ஆண்டு விழா சென்னையில் நடந்தபோது, அதன் மூலம் படித்தவர்கள் 6 ஆயிரத்தை தாண்டியிருந்தார்கள். அதில் 51 பேர் டாக்டர்கள்.

அப்பா செய்ததும் மகன் செய்வதும் ஒன்றுபோல் தெரியும். ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அப்பா நல்ல மார்க்குக்கு பரிசு கொடுத்தார். மகன் ஆரம்பித்த திட்டத்தில் மார்க்கோடு சேர்த்து வீட்டு நிலைமையையும் பார்க்கிறார்கள். அப்பா இல்லாத வீடு, அம்மா மட்டும் கூலிக்குப் போகும் வீடு, தாத்தா பாட்டி வளர்த்த பிள்ளை, மாற்றுத்திறனாளி, பழங்குடி, இலங்கை அகதி முகாம் என்று எந்த சூழ்நிலையில் இருந்துகொண்டு அந்த மார்க் எடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

மார்க்கை பேப்பரில் பார்த்துவிடலாம். வீட்டு நிலைமையை பேப்பரில் பார்க்க முடியுமா? முடியாது. அதனால்தான் ஆள் அனுப்புகிறார்கள்.

வீட்டை பார்த்தால் தெரிந்துவிடுமா?

ஒவ்வொரு வருஷமும் அகரத்துக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிகின்றன. எடுத்துக்கொள்ள முடிவது சில நூறு பேரைத்தான். முதலில் மனுவை படிக்கிறார்கள். போனில் பேசுகிறார்கள். நேரில் கூப்பிட்டு பேசுகிறார்கள். வாலண்டியர்கள் வீட்டுக்கே போய் பார்க்கிறார்கள். அதற்கு பிறகுதான் முடிவு. தேர்வான பிள்ளைகளுக்கு பல தனியார் காலேஜ்கள் பீஸ் வாங்காமல் சீட் கொடுக்கின்றன. மற்ற செலவை நன்கொடையில் பார்த்துக்கொள்கிறார்கள்.

இதில் வீடு தேடிப்போகும் வேலைதான் கஷ்டமானது. நம்ம மரக்காணம் கடற்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26-ந்தேதி சுனாமி அடித்த பிறகு மீனவர் குப்பங்களில் கான்கிரீட் வீடுகள் கட்டிக்கொடுத்தார்கள். மனுவில் "வீடு: கான்கிரீட்" என்று எழுதியிருக்கும். சென்னையில் உட்கார்ந்து படிக்கிறவர் "வசதியான வீடு போல" என்று தள்ளிவிடலாம். நேரில் வந்தவருக்குத்தான் அது சுனாமி வீடு என்று தெரியும். உப்புக் காற்றில் கூரையில் கம்பி வெளியே தெரிவதும், உள்ளே ஒரு கட்டில்கூட இல்லாததும் கண்ணில் படும்.

இன்னொரு பக்கம், ஓலை குடிசையில் இருப்பவர் எல்லோரும் ஒரே அளவு ஏழை கிடையாது. உப்பளத்தில் அப்பா, அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடு வேறு. முதுகு போய் அப்பா படுத்துவிட்ட வீடு வேறு. பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் தண்ணி வாங்கி குடித்துக்கொண்டே நாலு வார்த்தை பேசினால் பாதி விஷயம் வந்துவிடும். அனுபவம் உள்ள வாலண்டியர் அதைத்தான் செய்வார். புதுசாக வருகிறவர் கையில் இருக்கும் பாரத்தை மட்டும் நிரப்பிக்கொண்டு திரும்பிவிடுவார். பழைய ஆட்களை தலைமை ஒருங்கிணைப்பாளராக வைத்து புது ஆட்களை அவர்கள் பின்னாலேயே அனுப்புவது இதற்காகத்தான்.

அப்புறம் இன்னொரு வேலை இருக்கிறது. அதை யாரும் வெளியே பேசமாட்டார்கள். "இல்லை" என்று சொல்லும் வேலை. பத்து வீட்டுக்கு போனால் பத்தும் கஷ்டமான வீடாகத்தான் இருக்கும். அதில் ஒன்றோ இரண்டோதான் போகும். டீ போட்டு கொடுத்த அம்மா வாசலில் நின்று "பாத்து பண்ணுப்பா" என்று சொல்லி அனுப்பியிருப்பார். நல்ல அமைப்பாக இருந்தால் தேர்வாகாத பிள்ளைக்கும் அரசு காலேஜ், அரசு உதவி என்று வேறு வழி சொல்லி அனுப்புவார்கள். என்னைக் கேட்டால், ஒரு தொண்டு நிறுவனம் எப்படிப்பட்டது என்பதை அது யாருக்கு சீட் வாங்கிக் கொடுத்தது என்பதை வைத்து மட்டும் பார்க்கக்கூடாது. தள்ளிவிட்ட பிள்ளைக்கு என்ன சொல்லி அனுப்பியது என்றும் பார்க்க வேண்டும்.

ஒரு மாதம் கூட இல்லை

"அரசே இவ்வளவு செய்யுதே, அப்புறம் எதுக்கு வாலண்டியரு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

அரசு செய்தது உண்மையிலேயே நிறைய. என்ஜினீயரிங் நுழைவுத்தேர்வை ரத்து செய்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக தொழிற்கல்விக்கு கவுன்சிலிங்கில் சேருகிறவர்களுக்கு கல்விக்கட்டண சலுகை 2010-ல் வந்தது. அரசு பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அடுத்த வருஷமே அது என்ஜினீயரிங், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அதில் சேருகிறவர்களின் கல்விக்கட்டணம், ஹாஸ்டல் செலவை அரசே ஏற்கும் என்று 2021-ல் அறிவித்தார்கள். மாணவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்கு தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கியது. மத்திய அரசின் 2021-22 கணக்குப்படி, தமிழ்நாட்டில் காலேஜ் போகும் வயதில் நூற்றுக்கு 47 பேர் உயர்கல்வியில் இருந்தார்கள். இந்தியா முழுக்க சேர்த்துப் பார்த்தால் அது 28 சொச்சம்தான்.

மிச்சம் இருக்கும் 53 பேர் எங்கே? அவர்களில் நிறைய பேர் நம்ம உப்பளத்து ஓரம் இருப்பது போன்ற வீடுகளில்தான் இருக்கிறார்கள். திட்டம் இருக்கிறது. அதை வாங்குவதற்கு வேண்டிய நாள் கையில் இல்லை.

கணக்கு போட்டுப் பாருங்கள். 2025-ல் பிளஸ்-2 ரிசல்ட் வந்தது மே 8-ந்தேதி. என்ஜினீயரிங் கவுன்சிலிங்குக்கு பதிவு செய்ய கடைசி நாள் ஜூன் 6-ந்தேதி. இடையில் ஒரு மாதம்கூட முழுசாக இல்லை. அதற்குள் சாதி சான்றிதழ், வருமான சான்றிதழ், இருப்பிட சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாலுகா ஆபீஸ் என்று அது படி ஏறிப் போகும். ஒரு இடத்தில் இனிஷியல் தப்பாக இருந்தால் மனு திரும்பி வரும்.

ஆதாரில் "ம.முருகன்", ரேஷன் கார்டில் "எம்.முருகன்", பள்ளிக்கூட டி.சி.யில் வெறும் "முருகன்" என்று இருக்கிறதா? ஒரு வாரம் போச்சு!

அந்த ஒரு வாரம்தான் உப்பளத்தில் நல்ல கூலி கிடைக்கும் வாரம். ஒரு நாள் தாலுகா ஆபீசில் நின்றால் ஒரு நாள் கூலி போகும். மீனவர் வீட்டில் வேறு கதை. கிழக்கு கடற்கரையில் ஏப்ரல் 15-ந்தேதி முதல் ஜூன் 14-ந்தேதி வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடி தடைக்காலம். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் கையில் அந்த 61 நாளும் காசு ஓடாது. காலேஜில் பணம் கட்டச் சொல்வதும் அப்போதுதான். உப்பளத்துக்காரருக்கு நேரம் இல்லாத மாதம், படகுக்காரருக்கு பணம் இல்லாத மாதம் இரண்டும் ஒன்றாக வந்து விழுகிறது.

உப்பளத்துக்கு மழைக்காலம் வந்தால் நிலைமை தலைகீழ். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் பாத்தியெல்லாம் தண்ணியில் கிடக்கும். வேலை இருக்காது. அடுத்த செமஸ்டர் பீஸ், பரீட்சை பீஸ் எல்லாம் அதை ஒட்டித்தான் வரும். சீட் வாங்கிக் கொடுத்ததோடு வாலண்டியர் வேலை முடியாததற்கு இது ஒரு காரணம்.

ஓ.டி.பி. யாருக்குப் போச்சு?

சின்ன விஷயம் என்று நினைத்து விடுவதில்தான் பெரிய சீட்டுகள் போகின்றன.

என்ஜினீயரிங் கவுன்சிலிங் 2018 முதல் ஆன்லைனில் நடக்கிறது. முன்பு சென்னைக்கு பஸ் ஏறிப் போய் அண்ணா பல்கலைக்கழகத்தில் வரிசையில் நிற்க வேண்டும். இப்போது அலைச்சல் மிச்சம். ஆனால் போன் வேண்டும். வீட்டில் ஒரு போன்தான் இருக்கும். அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். பிரவுசிங் சென்டரில் பதிவு செய்யும்போது "நம்பர் சொல்லும்மா" என்பார்கள். பிள்ளை முழிக்கும். கடைக்காரர் தன் நம்பரையே போட்டுவிடுவார். உதவியாகத்தான் செய்வார். ஆனால் ஜூலையில் இடம் ஒதுக்கி, அதை இரண்டு நாளில் உறுதி செய்யச் சொல்லி மெசேஜ் வரும்போது அது கடைக்காரர் போனில் கிடக்கும். கடைக்காரருக்கு ஆயிரம் வேலை.

இரண்டு நாள் முடிந்தால் சீட் அடுத்தவருக்கு.

அதனால் பழகிய வாலண்டியர் வந்தவுடன் மார்க் ஷீட்டை கேட்க மாட்டார். "எந்த நம்பர் கொடுத்த?" என்றுதான் முதலில் கேட்பார்.

அடுத்தது காலேஜ் வரிசை போடுவது. மார்க் 150 வைத்திருக்கும் பிள்ளை 190 கட் ஆப் இருக்கும் நாலு காலேஜ் பெயரை மட்டும் போட்டுவிட்டு வந்துவிடும். எதுவும் கிடைக்காது. போன வருஷம் எந்த காலேஜ் எந்த மார்க்கில் மூடியது என்று பார்த்து, மேலே பத்து, நடுவில் இருபது, கீழே பத்து என்று போட வைக்க வேண்டும். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்பு காலேஜ்கள் இருப்பதே பலருக்கு தெரியாது. ரோட்டில் தட்டி வைப்பது தனியார் காலேஜ்தானே!

என்ஜினீயரிங் வேண்டாம் என்றால் அரசு கலைக்கல்லூரி. அதற்கும் ஆன்லைன்தான். என்ஜினீயரிங் கவுன்சிலிங் பதிவுக்கு 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 250 ரூபாய் என்று வாங்கினால், அரசு கலைக்கல்லூரிக்கு மொத்தமே 50 ரூபாய்தான் வாங்கினார்கள். எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 2 ரூபாய். இதைக்கூட தெரியாமல் புரோக்கரிடம் ஐநூறு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

புரோக்கர் வந்தால் உஷார்

வாலண்டியர் வருவதற்கு முன்பே குப்பத்துக்குள் இன்னொரு ஆள் வந்திருப்பார். வெள்ளை சட்டை, கையில் பைல். "நர்சிங் சேத்து விடறேன், கேட்டரிங் சேத்து விடறேன், பீஸே கிடையாது" என்பார். ஆளுக்கு இவ்வளவு என்று காலேஜில் கமிஷன் வாங்கும் ஆள் அவர். அட்வான்ஸ் என்று இரண்டாயிரமோ மூவாயிரமோ வாங்குவார். கூடவே ஒரிஜினல் மார்க் ஷீட்டையும், டி.சி.யையும் வாங்கிக்கொள்வார். பிறகு அரசு காலேஜில் இடம் கிடைத்தாலும் போக முடியாது. சர்டிபிகேட்டை கேட்டால் முழு வருஷ பீசையும் கட்டச் சொல்வார்கள்.

இது தப்பு. மாணவர்களின் ஒரிஜினல் சர்டிபிகேட்டை காலேஜ் பிடித்து வைக்கக்கூடாது, சரிபார்த்துவிட்டு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக்குழு 2018-ல் தெளிவாக உத்தரவு போட்டிருக்கிறது. இதை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் கூட வந்து நின்றாலே பல காலேஜ்கள் சத்தம் போடாமல் கொடுத்துவிடும். தனியாகப் போகும் உப்பளத் தொழிலாளிக்கு வாசலில் வாட்ச்மேனை தாண்டுவதே பெரிய பாடு.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு இன்னொன்று தெரிய வேண்டும். தனியார் காலேஜில் அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தால் அவர்களிடம் கல்விக்கட்டணம் வசூலிக்கக்கூடாது என்று 2012-ல் அரசாணை எண் 92 வந்தது. வருமான வரம்புக்குள் இருந்தால் அரசே அதை காலேஜுக்கு கொடுத்துவிடும். காலேஜ் ஆபீசில் "அதெல்லாம் அப்புறம் வரும், இப்ப நீங்க கட்டுங்க" என்று சொன்னால் அந்த நம்பரை சொல்லிக் கேளுங்கள்.

ரோட்டுக்கு அந்தப்பக்கம் புதுச்சேரி

நம்ம பகுதிக்கு என்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பொம்மையார்பாளையம், குயிலாப்பாளையம், கோட்டக்குப்பத்து பிள்ளைகளுக்கு பஸ் ஏறினால் புதுச்சேரி. காலாப்பட்டில் மத்திய பல்கலைக்கழகம் 1985-ல் இருந்தே இருக்கிறது. ஆஸ்பத்திரி, சினிமா, துணிக்கடை எல்லாம் அங்கேதான். ஆனால் ஊர் தமிழ்நாடு. புதுச்சேரி அரசு ஒதுக்கீட்டு இடங்களை சென்டாக் என்ற குழு நிரப்புகிறது. அதற்கு அந்த மாநிலத்து குடியிருப்பு சான்று கேட்பார்கள். நம்ம பிள்ளையிடம் இருக்காது.

சரி, தமிழ்நாட்டு 7.5 சதவீதத்தில் போகலாம் என்றால், அதற்கு தமிழ்நாட்டு அரசு பள்ளியில் ஆறாம் வகுப்பில் இருந்து பிளஸ்-2 வரை படித்திருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறது என்று நடுவில் இரண்டு வருஷம் புதுச்சேரி பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தால்? இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை என்று ஆகிவிடும். ஏழாவது படிக்கும்போது எடுத்த முடிவு பிளஸ்-2-க்கு பிறகு வந்து இடிக்கும் என்று எந்த பெற்றோர் நினைத்துப் பார்ப்பார்கள்? எல்லையோர கிராமங்களில் வேலை செய்யும் வாலண்டியர்கள் ஆறாம் வகுப்பு பெற்றோரிடமே இதை சொல்லிவிட்டால் நல்லது.

ஆரோவிலை பற்றியும் ஒரு வார்த்தை. 1968 பிப்ரவரி 28-ந்தேதி 124 நாட்டு மண்ணை போட்டு தொடங்கிய ஊர் இது. பரீட்சைக்காகவும், பட்டத்துக்காகவும், வேலைக்காகவும் படிக்கக்கூடாது, அறிவு வளர்வதற்காக படிக்க வேண்டும் என்பது இந்த ஊரின் கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் இங்கே தோட்ட வேலைக்கும், கட்டிட வேலைக்கும், கெஸ்ட் ஹவுஸ் வேலைக்கும் வரும் இடையஞ்சாவடி, ஆலங்குப்பத்து அம்மாவுக்கு தன் பிள்ளை கையில் ஒரு பட்டம் வேண்டும். அந்த காகிதம்தான் அந்த பிள்ளையை வெயிலில் இருந்து நிழலுக்கு கொண்டுபோகும் என்று அவருக்குத் தெரியும். ஆரோவில் கிராம செயல்வழி குழு 1983-ல் இருந்து சுற்று கிராமங்களில் பெண்கள், இளைஞர்களோடு வேலை செய்து வருகிறது. வெளிநாட்டுக்காரர் வந்து போகும் ஊராக இருந்தாலும், பக்கத்து கிராமத்து பிள்ளைக்கு கவுன்சிலிங் என்றால் என்ன என்று சொல்ல ஒரு உள்ளூர் அண்ணனோ அக்காவோதான் வேண்டியிருக்கிறது.

கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போன வாத்தியார்

இந்த வட்டாரத்தில் சம்பளம் இல்லாத இந்த வேலையை அகரத்துக்கு வெகுகாலம் முன்பே செய்தவர் ஒருவர் இருக்கிறார். திண்டிவனம் அரசு கலைக்கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த கல்யாணி என்கிற பிரபா கல்விமணி. 1993-ல் அத்தியூர் விஜயா என்ற இருளர் பெண்ணுக்கு புதுச்சேரி போலீசாரால் நடந்த கொடுமைக்காக நியாயம் கேட்டுப் போனவர், பிறகு இருளர் மக்களை விட்டு நகரவே இல்லை. பழங்குடி இருளர் பாதுகாப்பு சங்கம் அப்படித்தான் வந்தது. திண்டிவனத்தில் தாய்த்தமிழ் பள்ளியும் நடத்தினார்.

இருளர் பிள்ளைகளுக்கு காலேஜ் கதவை அடைப்பது மார்க் இல்லை. ஒரு காகிதம்! மற்ற சாதி சான்றிதழை தாலுகா ஆபீசிலேயே கொடுத்துவிடுவார்கள். எஸ்.டி. சான்றிதழ் மட்டும் ஆர்.டி.ஓ. அல்லது சப்-கலெக்டர்தான் கொடுக்க வேண்டும். விசாரணை நடக்கும். "அப்பாவுக்கு சான்றிதழ் இருக்கா, தாத்தாவுக்கு இருக்கா?" என்று கேட்பார்கள். செங்கல் சூளையிலும், அரிசி ஆலையிலும் முன்பணத்துக்கு கட்டுப்பட்டு கிடந்த தாத்தாவிடம் ஏது சான்றிதழ்? பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் முதல் தடவையாக ஏறிய பெயரே இந்த பிள்ளையுடையதாக இருக்கும். மரக்காணத்து இருளர் உப்பளத்துக்கும் போவார்கள், கழுவெளியில் இறால் தடவவும் போவார்கள். அங்கே இருந்து திண்டிவனம் முப்பது கிலோ மீட்டருக்கு மேல். மூன்று தடவை அலைந்தால் நாலாவது தடவை போக மாட்டார்கள். அங்கேதான் கூட வந்து நிற்கும் சங்கத்து ஆள் தேவைப்பட்டார்.

2021-ல் ஜெய்பீம் படம் வந்தபோது இந்த விஷயம் ஊர் முழுக்க பேசப்பட்டது. படத்தை எடுத்த த.செ.ஞானவேல் அகரம் வேலைகளில் கூட இருந்தவர்தான். பழங்குடி இருளர் கல்வி அறக்கட்டளைக்கு சூர்யா ஒரு கோடி ரூபாய் கொடுத்தார். அந்த வருஷ தீபாவளி அன்று மாமல்லபுரம் பக்கத்தில் பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் மக்களுக்கு பட்டாவும் சாதி சான்றிதழும் அப்போதைய முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் நேரில் வந்து கொடுத்தார். ஒரு படம் வந்த பிறகு வேகம் பிடித்தது சந்தோஷம்தான். படம் வராத முப்பது வருஷமும் ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கியவர்களை யார் கண்டுகொண்டார்கள்?

இதே கடற்கரை சாலையில் கீழ்புத்துப்பட்டில் இலங்கை தமிழர் முகாம் இருக்கிறது. அந்த பிள்ளைகள் நிலைமை இன்னும் வேறு. இருப்பிடம், சாதி என்று கேட்கும் இடத்தில் அவர்கள் கையில் இருப்பது முகாம் அட்டைதான். தந்தை செல்வா மகன் சந்திரகாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வு கழகம் முகாம்களில் அகதிகளையே வாலண்டியராக்கி படிப்பு சொல்லிக்கொடுத்தது. முகாமில் படித்து மேலே வந்தவரே அடுத்த பிள்ளையை காலேஜுக்கு கூட்டிக்கொண்டு போவார். அதே ஷெட்டில் படுத்து வளர்ந்தவருக்கு வீட்டு நிலைமையை தனியாக விளக்க வேண்டியதில்லை.

அகரத்திலும் இப்போது இதுதான் நடக்கிறது. விதை திட்டத்தில் படித்து வேலைக்குப் போனவர்கள் லீவு நாளில் வாலண்டியராக வந்து நிற்கிறார்கள்.

சேர்ந்த பிறகுதான் ஆரம்பம்

சீட் கிடைத்து பெட்டியோடு ஹாஸ்டலுக்குப் போன முதல் மாதம்தான் ஆபத்தான மாதம். பிளஸ்-2 வரை தமிழில் படித்த பிள்ளை. வகுப்பில் வாத்தியார் இங்கிலீஷில் கொட்டுவார். பக்கத்தில் இருப்பவர் லேப்டாப் வைத்திருப்பார். "எனக்கு ஒண்ணும் புரியல, வந்துடறேம்மா" என்று ஒரு நாள் ராத்திரி போன் வரும். அம்மா என்ன சொல்வார்? "சரி, வந்துடு கண்ணு" என்பார். அவருக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்? வந்தால் திரும்பிப் போகாது.

அந்த போன் அம்மாவுக்கு போவதற்கு முன்னால் ஒரு அண்ணனுக்கோ அக்காவுக்கோ போக வேண்டும். "எனக்கும் முதல் செமஸ்டர்ல மூணு அரியர்டா, அப்புறம் கிளியர் பண்ணல?" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அகரத்தில் சேர்த்துவிட்டதோடு விடாமல் இங்கிலீஷ் பயிற்சி, முகாம், தொடர்ந்து பேசுவதற்கு ஒரு வழிகாட்டி என்று நாலு வருஷமும் பிடித்து வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து உதவ நிறைய பேர் கிடைப்பார்கள். நாலு வருஷம் போன் எடுக்கும் ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

நீங்கள் பி.ஏ., பி.எஸ்சி. முடித்தவரா? ஆட்டோ ஓட்டினாலும் சரி, கம்பெனிக்குப் போனாலும் சரி, உங்கள் தெருவில் பிளஸ்-2 முடித்த ஒரு பிள்ளைக்கு இந்த வேலையை செய்ய பெரிய டிரஸ்ட் எதுவும் தேவையில்லை. அந்தந்த வருஷத்து தேதியை பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சொந்த போன் நம்பரை கொடுக்கச் சொல்லுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, டி.சி. மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரிஜினலை யாரிடமும் விடாதீர்கள், எல்லாவற்றையும் நாலு செட் ஜெராக்ஸ் எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள்.

சான்றிதழ் எடுக்க மே மாதம் வரை காத்திருக்கவும் வேண்டாம். மழைக்கு உப்பளம் மூடிக்கிடக்கும் நவம்பர், டிசம்பரில் கையில் நாளும் இருக்கும், தாலுகா ஆபீசில் கூட்டமும் கம்மியாக இருக்கும். இருளர் வீட்டு பிள்ளையாக இருந்தால் பத்தாவது படிக்கும்போதே திண்டிவனத்துக்கு மனு போட்டுவிடுங்கள்.